வாட்டை நம்பி வாங்கலாமா?

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் காருக்குள் இருக்கும் பிளேயரையும் ஸ்பீக்கரையும் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். மொழி, இலக்கியம், சமுதாயம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறதே என்றும் கேட்கலாம். ஆனால், நம் இளைஞர்கள் ஒரு நாளில் தமிழை அதிக நேரம் கேட்கும் இடம் எது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். விரிவுரை மண்டபத்தில் இல்லை. வேலையிடத்திலும் பெரும்பாலும் இல்லை. மின்னல் எஃப்.எம்., ராகா, கைப்பேசியில் சேர்த்து வைத்த பாடல்கள் என்று தமிழ் நம் காதில் விழுவது பெரும்பாலும் காரில்தான். அந்தத் தமிழ் ஒழுங்காகக் காதில் விழுகிறதா என்பதே என் கேள்வி.

நான் ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, பட்டணத்தில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அப்பா செம்பனை ஆலையில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்தவர். ஆலைக்குள் எந்நேரமும் இயந்திரச் சத்தம். காதுக்கு அடைப்பான் கொடுத்த காலமும் உண்டு, கொடுக்காத காலமும் உண்டு. இன்று அப்பாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு முறை சொல்ல வேண்டும். வேலையிட இரைச்சலுக்கான 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு நாளுக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வகுத்திருக்கின்றன. அப்பாவின் காதுக்கு அது காலம் கடந்து வந்த விதி.

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் அப்பா தம்முடைய பழைய மைவியை என்னிடம் கொடுத்தார். பிளேயர் செத்துப் போயிருந்தது. முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்து கரகரத்தன. பகுதிநேர வேலையில் சேர்த்த 900 வெள்ளி என் கையில் இருந்தது. அதற்குள் நல்லதாக ஒன்றை மாட்ட வேண்டும் என்று புறப்பட்டபோதுதான் எனக்குப் பல சங்கதிகள் விளங்கின.

முதலில் பள்ளித் தோழன் ஒருவனுடைய காரைப் போய்ப் பார்த்தேன். ஒரு கடையில் 2,400 வெள்ளிக்குத் தவணை முறையில் மாட்டியிருந்தான். பெரிய தொடுதிரை, பின்னால் பெட்டியில் ஊஃபர், அம்ப்ளிஃபையரின் மேல் “1000 வாட்” என்று தங்க நிற எழுத்து. அவன் கல்விக் கடனில் படிப்பவன். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு மலாக்கா பட்டணம் வரை ஒரு சுற்றுப் போனோம். முதுகு அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது. இறங்கியதும் அப்பா என்னிடம் கேட்டார்: “சத்தம் நல்லாத்தான் இருக்கு. பாடுறவன் என்னா சொல்றான்னுதான் ஒன்னும் புரியலையேப்பா?”

காது மங்கியவர் கேட்ட கேள்விதானே என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், எனக்கும்தான் புரியவில்லை.

நண்பர்களே, கடையில் நம்மிடம் விற்கப்படுவது பெரும்பாலும் ஓர் எண். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று படிவம் ஐந்து இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வரும். பிளேயர் பெட்டிகளில் எல்லாம் “50 வாட் x 4” என்று அச்சடித்திருக்கிறார்களே, அந்த ஐம்பது இதுதான். இசை அலை எப்போதும் உச்சத்திலேயே நின்றால் கிடைக்கக்கூடிய கணக்கு அது. எந்தப் பாட்டும் அப்படி நிற்பதில்லை. ஒழுங்கான அலைக்குக் கணக்கிட்டால் அதில் பாதி, 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் தெளிவாகக் கிடைப்பது 20 வாட் அளவுதான். எனவே, கூடுதல் அம்ப்ளிஃபையர் இல்லாத பிளேயர்களில் முந்நூறு வெள்ளிப் பொருளும் ஆயிரம் வெள்ளிப் பொருளும் சக்தியில் ஏறத்தாழ ஒன்றுதான். மின்கலம் ஒன்றாயிற்றே!

“1000 வாட்” அம்ப்ளிஃபையருக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. அதன் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். தோழனுடையதில் 30 ஆம்பியர் இருந்தது. 30-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 432. உள்ளே போகும் மின்சாரமே 432 வாட் என்றால், வெளியே 1000 வாட் எப்படித் தொடர்ந்து வரும்? அதிலும் பழைய வகை அம்ப்ளிஃபையர் என்றால் ஏறத்தாழப் பாதி சூடாகவே வீணாகும். பெட்டியில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைத் தேடிப் படிக்க வேண்டும். அது எங்குமே இல்லை என்றால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடலாம்.

சரி, 20 வாட் போதுமா? இதற்குப் பதில் நம் தோட்டத்துத் திருவிழாவிலேயே இருக்கிறது. தீமிதித் திருவிழா வந்தால் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். கோயிலில் போடும் பாட்டு கடைசி லயன் வரைக்கும் கேட்கும். அடுப்படியில் நிற்கும் அம்மாமார்கள் ஒரு சொல் விடாமல் கூடவே பாடுவார்கள். அதற்குப் பின்னால் ஆயிரம் வாட் இருந்ததில்லை. குழாய் ஒலிபெருக்கி ஒரு வாட் மின்சாரத்துக்கு 105 டெசிபல், அதற்கு மேலும்கூட ஒலி கொடுக்கும். காரில் மாட்டும் சாதாரண ஸ்பீக்கர் 87 டெசிபல் அளவு கொடுக்கும். மூன்று டெசிபல் கூடினால் இருமடங்கு மின்சாரத்துக்குச் சமம் என்பது கணக்கு. 18 டெசிபல் வித்தியாசம் என்றால் 64 மடங்கு! குழாயில் அடித்தொனி கிடையாது, இனிமையும் குறைவு. ஆனால், சொல் கேட்டது.

ஸ்பீக்கர் பெட்டியில் “சென்சிட்டிவிட்டி” என்று போட்டிருப்பது இந்த டெசிபல் எண்தான். 93 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால், 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்ததற்குச் சமம். ஒப்பிடும்போது இரண்டுமே “1 வாட், 1 மீட்டர்” அளவில் சொல்லப்பட்டவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிஃபையர் வாங்கப் பணமில்லாத நம் போன்றோர் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு 900 வெள்ளியை நான் இப்படிப் பிரித்தேன். முன்கதவு ஸ்பீக்கருக்கு 420, பிளேயருக்கு 300, கதவு வேலைக்கும் மாட்டுக் கூலிக்கும் 180. தொடுதிரை வேண்டாம், வழி காட்டக் கைப்பேசி இருக்கிறது. புளூடூத் உள்ள ஒற்றை டின் பிளேயர் போதும். பின்புற ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டு முன்னாலிருந்து வந்தால் போதும்.

ஸ்பீக்கரில் இரண்டு வகை. பெரியதன் நடுவிலேயே சிறிய ட்வீட்டரைப் பொருத்தியது ஒன்று. ட்வீட்டர் தனியாக வருவது மற்றொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன். கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கர் நம் முழங்காலுக்குத்தான் பாடுகிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மையான ஒலிகள் நேராகச் செல்பவை. அவை காலில் முட்டி மடிந்துவிடும. ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத்தில் மேலே வைத்தால் அவை காதுக்கு வந்து சேரும். ஆலைச் சத்தத்தில் முதலில் பழுதாவதும் 4,000 ஹெர்ட்ஸ் ஒட்டிய அந்தக் கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அப்பா போன்றவர்களுக்குச் “சத்தம் கேட்குது, பேச்சு புரியலை” என்று ஆவது அதனால்தான். அவர்களுக்கு ஊஃபரைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

கதவு வேலைக்குக் காசு கொடுத்ததைப் பலர் கேலி செய்தார்கள். கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அந்த வழியாகக் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓட்டைகளை அடைத்து, அதிர்வைத் தாங்கும் தகடு ஒட்டினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போலப் பாடும். மழைநீர் வடியக் கதவின் அடியில் இருக்கும் துளைகளை மட்டும் மூடக் கூடாது. கம்பியை வெட்டி ஒட்டாமல், காருக்கு உரிய சொருகியை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். கூட்டல், கழித்தல் முனைகள் ஒரு பக்கம் மாறிவிட்டால் அடித்தொனி காணாமல் போகும். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிளேயரில் ‘ஹை பாஸ்’ என்ற அமைப்பை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத அடித்தொனியோடு போராடாமல் குரலைத் தெளிவாகத் தரும். இதற்குக் காசே இல்லை.

“அப்படியென்றால் நாங்கள் உறுமி கேட்கக் கூடாதா?” என்று என் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. உறுமி மேளம் அடித்தொனி இல்லாமல் உறுமி ஆகாது. சன்னாசிமலையில் மாசி மகத்தன்று காவடியோடு நடந்தவனுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் தந்த ‘வல்லவன்’ தொகுப்பையும் தகர டப்பாவில் கேட்க முடியாது. ஆனால் அந்தத் தொகுப்பு நம்மைக் கவர்ந்தது தாளத்தால் மட்டுமா? தமிழில் இப்படியும் சொல்லடுக்க முடியுமா என்ற வியப்பாலும்தானே? அந்தச் சொல்லையே விழுங்கிவிடும் ஊஃபர் யாருக்காக? முதலில் குரல், பிறகு காசு சேர்ந்ததும் ஒரு சிறிய ஊஃபர். இந்த வரிசை மாறக் கூடாது என்பதே என் கருத்து.

“சோற்றுக்கே கஷ்டம், காருக்குப் பாட்டு ஒரு கேடா?” என்று பெரியவர்கள் கேட்பதும் உண்டு. அவர்களிடம் நான் பணிவோடு மாறுபடுகிறேன். தோட்டத்தை விட்டு வந்து மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் ஐந்தாறு பேராக வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த வீட்டு இளைஞனுக்குத் தனி அறை கிடையாது. அவனுடைய அறை அந்தப் பழைய கார்தான். அதில் நல்ல பாட்டுக் கேட்க நினைப்பது ஊதாரித்தனம் ஆகாது. கல்விக் கடனில் தவணை கட்டி ஒரு பொய் எண்ணை வாங்குவதுதான் ஊதாரித்தனம்.

காதையும் கவனியுங்கள். கைப்பேசி போன்ற கருவிகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த அளவின்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கோலாலம்பூரிலிருந்து ஆயர் குரோவுக்கு வார இறுதியில் ஒரு முறை வந்து திரும்பினாலே அந்த நான்கு மணி நேரம் முடிந்துவிடும். அப்பாக்கள் பிழைப்புக்காகக் காதைக் கொடுத்தார்கள். நாம் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

கடைக்குப் போகும்போது நீங்கள் சொல் சொல்லாக அறிந்த ஒரு பழைய பாட்டைக் கைப்பேசியில் கொண்டு போங்கள். டி.எம்.எஸ். பாடிய கண்ணதாசன் பாட்டு ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. தவுக்கே போட்டுக் காட்டும் பாட்டை நம்பாதீர்கள். அது அந்த ஸ்பீக்கருக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்த பாட்டு. உங்கள் பாட்டைக் குறைந்த ஒலியில் போடச் சொல்லுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே காதில் விழுகின்றனவா? விழுந்தால் வாங்குங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு இதைவிட நல்ல சோதனைக் கருவி வேறு இல்லை.

எல்லாம் மாட்டி முடித்த அன்று அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் வீடு திரும்பினேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று வழக்கம்போல் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். இரண்டாவது பாட்டில் அப்பா கையை நீட்டி, தாமே ஒலியைக் குறைத்தார். “இவ்வளவு எதுக்கு? அதான் நல்லா கேக்குதே” என்றார்.