பிரதி கேட்டால், எதற்கென்று கேட்போம்

15 வயதில் நமக்குக் கிடைக்கும் தேசிய அடையாள அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. அவை சும்மா போட்ட இலக்கங்கள் அல்ல. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைச் சொல்லும். பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். ஓர் இலக்கம் 2008532 என்று தொடங்கினால், அவர் 2008 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண். கணிதப் பிரிவில் படிக்காதவரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பிறந்த திகதியையே வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர், அடையாள அட்டையின் பிரதியோடு அந்த இரகசியத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

"யாருக்கும் பிரதி கொடுக்காதீர்கள்" என்று அறிவுரை சொல்வது இலகு. மன்னாரில் அப்படி வாழ முடியாது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து நம்மவர்கள் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று பலருக்குப் பல தாள்கள் இங்கேயே தங்கிவிட்டன. பிறகு புத்தளத்து முகாம்களில் நிவாரணத்துக்கு, வாக்காளர் பதிவுக்கு, திரும்பி வந்தபின் வீட்டுத்திட்டத்துக்கு, எல்லாவற்றுக்கும் தாள்தான் பேசியது. அதனால்தான் நம் உம்மம்மாமார் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பைலில் ஒவ்வோர் அட்டைக்கும் நாலைந்து பிரதிகள் எப்போதும் தயாராக இருக்கும். பெயர் எழுத யார் வந்தாலும் முந்திக்கொண்டு நீட்டுவார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு தாள் குறைந்ததால் பட்டியலில் விடுபட்டவர்களை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் கொடுத்த தாள் கொடுத்த இடத்திலேயே இருப்பதில்லை. பஸ் நிலையத்தில் வாங்கும் கடலைச் சுருளைப் பிரித்துப் பாருங்கள், சில நேரம் யாரோ ஒருவரின் விண்ணப்பப் படிவம் அதில் இருக்கும். கொமியூனிகேஷன் கடையில் மங்கலாக விழுந்த பிரதியை யாரும் திருப்பிக் கேட்பதுமில்லை.

இது என்ன செய்யும் என்பதை 2022இல் நாடே பார்த்தது. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்தக் குறியீட்டை இன்னொருவர் படம் பிடித்தால் போதும், நம் 4 லீற்றர் அவருடைய தாங்கிக்குப் போய்விடும். வரிசையில் நின்று நம் முறை வரும்போதுதான் பங்கு முடிந்தது தெரியவரும். திருடனுக்கு வண்டியும் வேண்டாம், நம் வீட்டுக் கதவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். "உங்களுக்குத் தவறி வந்த 6 இலக்கத்தை அனுப்புங்கள்" என்று, தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் கணக்கு அவர்கள் கையில். பிறகு நம் பெயரில் கட்டாரில் இருக்கும் சாச்சாவிடம் பணம் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளில் அப்படி ஒரு செய்தி யாருக்கும் சந்தேகத்தைத் தராது. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால், அந்த 6 இலக்கம் மட்டும் கிடைத்தவரால் உள்ளே வர முடியாது. உம்மாவின் போனிலும் அதை நாமே செய்து கொடுக்கலாம், இரண்டு நிமிட வேலை.

பிரதி கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், முகத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல் அதன் குறுக்கே "இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுக்கலாம். அதே தாளை வேறு காரியத்துக்கு நீட்டுவது அப்புறம் கடினம். யாருக்காவது சிம் எடுக்க நம் அட்டையைக் கொடுப்பது இன்னும் மோசம். அந்த இலக்கத்திலிருந்து போகும் ஒவ்வோர் அழைப்புக்கும் பொலிஸ் முதலில் நம் வாசலுக்குத்தான் வரும்.

சட்டம் இல்லாமலில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போனது. நம் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கினால், இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பெண் பிள்ளைகள் அழைப்பதில்லை. வீட்டில் தெரிந்தால் முதலில் போனைப் பறிப்பார்கள், அடுத்து வகுப்பை நிறுத்துவார்கள் என்ற பயம். திருடியவன் இருக்க, திருட்டுக் கொடுத்தவளுக்குத் தண்டனை என்றால் அவள் எப்படி வாய் திறப்பாள்? பெற்றோரே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர் ஒருவர், அதுவும் கையில் பைலோடு வந்தவர், அட்டையைக் கேட்கும்போது "எதற்கு?" என்று பெண் பிள்ளை திருப்பிக் கேட்டால் அது வாய்த்துடுக்கு என்று வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் கையில் நம் அட்டை அமானிதம் என்றால், அதை என்ன செய்யப்போகிறார் என்று கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு? நேர்மையாகக் கேட்பவர் பதில் சொல்லத் தயங்கமாட்டார்.

சென்ற தவணை விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர் எதற்கென்று மரியாதையாகக் கேட்டோம். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, பெயரும் பாடசாலையும் மட்டும் போதும் என்று வந்தது.