ஆலை நின்றது, உலை நிற்கவில்லை

வேலைநிறுத்தங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைவர்களின் பேச்சையும் பேச்சுவார்த்தை முறிந்த தேதிகளையும் கவனமாகக் குறித்து வைப்பார்கள். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்ற விவரம் அவற்றில் அநேகமாக இருக்காது. பம்பாய் ஜவுளி ஆலைகளின் கதையில் அந்த விவரத்தை விட்டுவிட முடியாது. நாளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் மனிதர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

1854ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் முதல் நூற்பாலைக்கு அஸ்திவாரமிட்ட பிறகு பரேல், லால்பாக், ஒர்லி, பைகுல்லா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. மராத்தியில் ஆலைக்கு கிர்ணி என்று பெயர். அந்த வட்டாரம் கிரண்காவ், அதாவது ஆலையூர் ஆயிற்று. ரத்னகிரி, சதாரா, கோலாப்பூர் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த ஆண்களில் ஏராளமானோர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் பல பேர். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த இடத்தில் இரவு ஷிப்ட் ஆள் படுப்பார்.

இவர்களுக்குச் சோறு போட்டது 'காணாவள்'. நம்மூர் மெஸ் மாதிரிதான். ஆனால் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பெண் தன் ஒற்றை அறை வீட்டிலேயே பத்துப் பதினைந்து பேருக்குச் சமைப்பார். பாக்ரி, பருப்பு, சோறு, ஏதாவது ஒரு காய், கையில் காசிருந்தால் கருவாடு. சாப்பிட்டவர்கள் சம்பளம் வாங்கிய பிறகுதான் பணம் தருவார்கள். மளிகைச் சாமானோ முதலிலேயே வாங்கியாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் உழைப்பில் பெரும்பகுதி அவர் பெட்டிக்குப் போயிற்று.

1974ல் ஆலைத் தொழிலாளர்கள் 42 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமில்லை என்பதற்காகப் பந்தி நிற்கவில்லை. பெண்கள் நகையை அடகு வைத்துக் கடனுக்குச் சோறு போட்டார்கள். கோவா விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவரும் தொழிற்சங்க ஊழியருமான பிரேமா புரவ் இதைக் கவனித்தார். ஆலை வாசலில் கொடி பிடிப்பவர்களைத் தாங்கி நிற்கும் இந்தப் பெண்களுக்கு எந்தச் சங்கத்திலும் இடமில்லை என்பது அவரை உறுத்தியது. 1975ல் அன்னபூர்ணா மகிளா மண்டல் பிறந்தது. அடகு வைக்கச் சொத்தில்லாத பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வைத்து, தேசியமயமான வங்கியின் கதவைத் தட்டினார்கள். கடன் கிடைத்தது, திருப்பியும் கட்டினார்கள்.

உண்மையான சோதனை 1982 ஜனவரி 18ல் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் போனஸும் மட்டுமல்ல கோரிக்கை. அங்கீகாரம் பெற்ற ஒரே ஒரு சங்கம்தான் தொழிலாளர் சார்பில் பேச முடியும் என்ற நிலையை ஏற்படுத்திய 1946ம் வருட பம்பாய் தொழில் உறவுச் சட்டம் போக வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலம் போயிற்று. முடிவு தெரியவில்லை. முறைப்படி யாரும் அதை முடித்து வைக்கவும் இல்லை.

ஆலைச் சங்கு ஊதாத ஊரில் நேரம் என்பதே குழம்பிப் போகும். எழுவதற்கும் குளிப்பதற்கும் தூங்குவதற்கும் சங்குதான் அடையாளமாக இருந்தது. பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களுக்கு நாளெல்லாம் ஒரே கேள்விதான்: ஆலை எப்போது திறக்கும்? பதில் யாரிடமும் இல்லாத கேள்வி அது. பக்கத்து அறையில் இருந்த பெண்ணுக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் காலையில் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது: இன்றைக்கு எத்தனை பேர்? இதற்குப் பதில் உண்டு. எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கு மாவு வேண்டும். மாவுக்கு வழி தேட வேண்டும். பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது, பதிலில்லாத கேள்வியோடு சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தவர் வயிற்றுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கங்காராம் சுர்வே என்ற ஆலைத் தொழிலாளி, தெருவில் விடப்பட்டிருந்த ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்தார். அவருக்கு மட்டும் நாளைய வருமானம் உறுதியாகவா இருந்தது? அந்தக் குழந்தைதான் மராத்தியின் பெரிய கவிகளில் ஒருவரான நாராயண் சுர்வே. பிற்காலத்தில் இவன் கவிஞனாவான் என்று எண்ணி யாரும் குழந்தைக்குப் பால் கொடுப்பதில்லை. குழந்தை அழுகிறது, கொடுக்கிறார்கள்.

இதை அழகுபடுத்திப் பேசுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏழைகளின் பொறுமையைப் பாராட்டிவிட்டு அவர்களுடைய கூலியை மறந்துவிடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். அந்த உலை சும்மா எரியவில்லை. தாலிக்கொடியும் பித்தளைப் பாத்திரமும் அதற்கு விறகாயின. ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்கள் பாக்கியும் அநேகமாக அவர்களோடு போயிற்று. 1983ல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் பேருக்கு வேலை மீளவில்லை. தினசரிக் கடமை மனிதரை நிமிர்த்தி வைக்கும் என்பது உண்மை. அது நியாயமான கூலிக்கும் நல்ல சட்டத்துக்கும் ஈடாகாது என்பதும் அதே அளவு உண்மை. அன்னபூர்ணா பெண்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் சோற்றோடு நிற்காமல் வங்கிக்கும் போனார்கள்.

லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் இருக்கிறது. பழைய புகைபோக்கி மட்டும் நினைவுக்கு நிற்கிறது. பிரேமா புரவின் மகள் மேதா சாமந்த் 1993ல் புனே குடிசைப் பகுதிப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். ஆலை போன பிறகும் ஜாமீன் நிற்கும் பழக்கம் மிஞ்சியிருக்கிறது.

ஒப்பந்த வேலை, ஆட்குறைப்பு, திடீரென்று மூடப்படும் தொழிற்சாலை என்று நிச்சயமின்மை இன்றைக்கு வேறு பெயர்களில் வருகிறது. அதைத் தாங்குவதற்கு விரிவான தத்துவங்கள் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. கிரண்காவ் பெண்கள் அவற்றைப் படித்தவர்கள் இல்லை. இன்று எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் மாவு பிசைந்தார்கள்.