ஒரே மருந்துக்கு மூன்று விலையா?

கொள்ளைநோய் புகுந்த நாட்டில், மருந்துக்கு ஆளுக்கொரு விலை பேசுவது அறமாகுமா? இவ்வினாவை எழுப்பினால், "முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்போர் உண்டு. கொரோனாத் தடுப்பூசியில் 2021 அக்டோபர் 21ஆம் நாள் நூறு கோடித் தவணைகளும், 2022 ஜூலை 17ஆம் நாள் இருநூறு கோடித் தவணைகளும் நிறைவெய்தின என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவர். அந்தச் சாதனையை நாம் மறுக்கவில்லை. மருந்துப் பெட்டியைச் சுமந்து ஊர் ஊராய் நடந்த செவிலியருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்களே. ஆயினும், வெற்றி முரசின் ஒலியில் 2021 மே மாதம் மறைந்துவிடலாகாது. அடுத்த கொள்ளைநோயை நாடு எவ்வாறு எதிர்கொள்ளும் என்பது, அம்மாதத்திலிருந்து நாம் கற்கும் பாடத்தைப் பொறுத்தது.

நடந்தது என்ன? 2021 ஜனவரி 16ஆம் நாள் மருத்துவப் பணியாளருக்கு ஊசி போடத் தொடங்கினர். மார்ச்சில் முதியோருக்கும், ஏப்ரலில் நாற்பத்தைந்து வயது கடந்த எல்லோருக்கும் வாயில் திறந்தது. அதுவரை மருந்தை வாங்கியது மத்திய அரசு ஒன்றே. அரசு நிலையங்களில் கட்டணமும் இல்லை. இரண்டாம் அலை வீடுதோறும் இழவு விழச் செய்துகொண்டிருந்த வேளையில், மே முதல் நாள் கொள்கை மாறிற்று. உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு. கால் பங்கு மாநிலங்களுக்கு. கால் பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு. கோவிஷீல்டு ஒரு தவணை மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 400 என்று அறிவித்துக் கண்டனம் எழுந்தபின் 300, தனியாருக்கு 600. கோவேக்சினோ தனியாருக்கு 1,200 ரூபாய்! குப்பியும் ஒன்று, மருந்தும் ஒன்று. வாங்கும் கை மாறியதும் விலை மட்டும் மாறுவானேன்?

"மாநிலங்கள்தாமே உரிமை கேட்டன?" என்பர். சில மாநிலங்கள் கேட்டது மெய்யே. ஆனால், விற்போர் இருவராகவும் வாங்குவோர் பலராகவும் உள்ள சந்தையில் ஒருவரோடொருவர் மோதவிடுவது உரிமையா, கைகழுவலா? தமிழ்நாடு மூன்றரைக் கோடித் தவணைகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரிற்று. ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. பஞ்சாப் அரசு மாடர்னா நிறுவனத்தை அணுகியபோது, நாட்டின் மத்திய அரசோடு மட்டுமே பேசுவோம் என்று விடை வந்தது. உலகம் அறிந்திருந்த இந்த நடைமுறையைத் தில்லி அறியாதிருந்ததென்று நாம் எவ்வாறு நம்புவது?

"விலை ஏறினால் உற்பத்தி பெருகும்" என்பது மற்றொரு வாதம். ஆலையின் கொள்திறன் ஒரே வாரத்தில் விரிவதில்லை. முன்கூட்டியே பணம் தந்து பெருமளவு கேட்டு வைத்தாலன்றி அது விரியாது. ஜனவரியில் கோவிஷீல்டுக்கு விடுத்த முதல் ஆணையோ 1.1 கோடித் தவணைகளுக்கு மட்டுமே. பணம் இல்லையா? வரவு செலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென்று 35,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். பதினெட்டு வயது நிறைந்தோர் ஏறத்தாழ 94 கோடி. ஆளுக்கு இரு தவணை என்றால் 188 கோடி. அன்றைய 150 ரூபாய்க் கணக்கில் மருந்தின் விலை 28,200 கோடி. ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கும் செலவை மாநிலங்களின் தலையிலும் குடும்பத் தலைவனின் சட்டைப்பையிலும் சுமத்தியதற்கு என்ன நியாயம்?

இன்னொரு வாயிலிலும் பூட்டுத் தொங்கியது. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதுவரை உள்ளோர் கோவின் இணையத்தில் பதிந்தாலன்றி ஊசி இல்லை என்றார்கள். தொடக்கத்தில் அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்றால், மனைவி எதில் பதிவாள்? கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு முறை வேண்டும் என்பதை நாம் ஏற்கிறோம். அதற்கு ஊரறிந்த டோக்கன் சீட்டு போதாதா? மே 24க்குப் பிறகே அரசு நிலையங்களில் நேரில் பதிய இடமளித்தனர்.

இந்நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. அம்மை குத்துவோர் தெருத் தெருவாய் அலைந்த நாடு இது. 1975க்குப் பின் பெரியம்மை இங்கு இல்லை. போலியோச் சொட்டு மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்ற நாடு இது. 2011க்குப் பின் அந்நோய்க் கிருமி இயற்கையாய்ப் பரவி எந்தக் குழந்தையையும் இங்கு முடக்கவில்லை. அன்று எவரும் தாயிடம் கைப்பேசி எண் கேட்கவில்லை. மருந்துக்கு விலையும் கேட்கவில்லை. அந்த அனுபவம் இருந்தும், கொரோனா ஊசிக்காக வீடுதோறும் செல்லும் பேரியக்கம் 2021 நவம்பரில்தான் தொடங்கிற்று.

கட்டணம் பற்றிய அக்கொள்கை, பார்த்த அளவில் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் மே 31ஆம் நாள் ஆணையில் உரைத்தது. ஜூன் 7ஆம் நாள் பிரதமர் மாற்றத்தை அறிவித்தார். ஜூன் 21 முதல் முக்கால் பங்கை மத்திய அரசே வாங்கி வழங்கலாயிற்று. திருந்தியது நன்று. ஆனால், தனியாரின் கால் பங்கு அப்போதும் நீடித்தது. அப்பங்கில் அவர்கள் பயன்படுத்தியதோ மிகக் குறைவு.

எனவே நாம் வேண்டுவது இதுவே: கொள்ளைநோய்க் காலத்தில் நாட்டுக்காக மருந்து வாங்கும் கை ஒன்றாக இருக்கட்டும்; முன்பணமும் ஆணையும் அலை எழுமுன் செல்லட்டும்; குடிமகனிடம் விலை கேளாதிருக்கட்டும்; ஊசி வீட்டு வாயிலுக்கு வரட்டும். இவற்றைச் சட்டமாக்கி வைப்பதற்கு உரிய காலம், நோய் ஓய்ந்திருக்கும் இக்காலமே. அடுத்த அலை எழுந்தபின் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதற்குள் எத்தனை வீடுகளில் விளக்கு அணையுமோ, யாரறிவார்?