வலது பக்கத்தை யார் எண்ணுவது? தோல் ஷாப் சொல்லித்தரும் வேதியியல் கணக்கு

பள்ளிக்கூட வேதியியலில் பலருக்கும் இன்றைக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு எரிச்சல்தான்: 'கீழ்க்கண்ட சமன்பாட்டைச் சமப்படுத்துக.' இங்கே 2 போடு, அங்கே 3 போடு, பொருந்திடுச்சா, அடுத்த கேள்விக்குப் போ. பரீட்சை முடிந்ததும் அந்தக் கணக்கும் முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

ஆனால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேல்விஷாரத்தைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் வாசனைக்கும் அந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதி முழுவதும் தினமும் நடப்பது வேதிவினைதான். பாலாற்றின் பிரச்சினையே ஒரு சமப்படுத்தாத சமன்பாடு என்பது என் கருத்து.

சமப்படுத்துறதுன்னா என்ன?

வேதிவினையில் அணுக்கள் ஜோடி மாறுகின்றன; பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த லவாய்சியர் 1789-ல் வெளியிட்ட நூலில் அழுத்தமாகச் சொன்ன விஷயம் இது. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒன்றாகத்தான் இருக்கணும்.

தோலில் இருந்து முடியை எடுக்கப் பயன்படும் சுண்ணாம்பையே பாருங்கள். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 18 கிலோ தண்ணீரும் வினைபுரிந்தால் 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும். 56-ம் 18-ம் 74. வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் எல்லோரும் செய்து பார்த்த வினை இது.

இப்போது கொஞ்சம் கஷ்டமானதற்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாமல் 'வெட் ப்ளூ' என்னும் நீல நிறத் தோலாக மாறக் காரணம் கார குரோமியம் சல்பேட் என்ற பொடி. அதைத் தயாரிக்கும் ஒரு வழி இது:

சோடியம் டைகுரோமேட் + கந்தக டைஆக்சைடு + தண்ணீர் → கார குரோமியம் சல்பேட் + சோடியம் சல்பேட்

முதலில் குரோமியத்தை எண்ணுவோம். டைகுரோமேட் மூலக்கூறு ஒன்றில் குரோமியம் 2 இருக்கிறது. வலது பக்கப் பொடியின் ஒரு மூலக்கூறில் 1 தான். ஆகவே பொடிக்கு முன்னால் 2 போடணும். இப்போது வலது பக்கத்தில் கந்தகம் எத்தனை? பொடியில் 2, சோடியம் சல்பேட்டில் 1, மொத்தம் 3. ஆகவே இடது பக்கத்தில் கந்தக டைஆக்சைடு 3. சரிபார்க்க ஆக்சிஜனை எண்ணுங்கள்: இடதில் 7, 6, 1 சேர்த்து 14, வலதில் 10, 4 சேர்த்து 14. சோடியமும் ஹைட்ரஜனும் இரு பக்கமும் தலா 2. முடிந்தது.

விதி ஒன்றுதான். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றலாம், மூலக்கூறுக்குள் கை வைக்கக் கூடாது. தண்ணீரில் உள்ள 2 ஹைட்ரஜனை 3 ஆக்கினால் விடை பொருந்தலாம். ஆனா அது தண்ணீரே இல்லை.

அந்த 142 கிலோ எங்கே போகுது?

இதையே எடையில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். டைகுரோமேட் 262 கிலோ, கந்தக டைஆக்சைடு 192 கிலோ, தண்ணீர் 18 கிலோ. மொத்தம் 472 கிலோ. வெளியே வருவது தோலுக்குத் தேவையான பொருள் 330 கிலோ, சோடியம் சல்பேட் என்ற உப்பு 142 கிலோ. இந்த உப்பு வழக்கமாகப் பொடியோடு கலந்தே மூட்டையில் வந்துவிடும். தோலுக்கு வேண்டியது குரோமியம் மட்டும்தான். உப்பு டிரம்மில் இருந்து நேராகக் கழிவுநீருக்குப் போகிறது.

குரோமியமும் முழுசாகத் தோலில் ஏறுவதில்லை. வழக்கமான முறையில் போட்டதில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு வெளியேறும். பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்டு வரும் சாதா உப்பு தனிக் கணக்கு.

'சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கே?' என்று கேட்கலாம். இருக்கிறது, அதற்குத் தொழில்துறை பெரிய செலவும் செய்திருக்கிறது. ஆனால், எந்த இயந்திரமும் குரோமிய அணுவை அழிக்காது. தண்ணீரில் இருந்ததைச் சேறாக்கும். சவ்வு வடிகட்டியில் பிரித்த உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு குவியலாக நிற்கும். இடம் மாறுதே தவிர, காணாமல் போவதில்லை.

அந்தச் சேறு என்ன செய்யும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலையில் பார்த்தோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அதே ராணிப்பேட்டையில், சோடியம் டைகுரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு. தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், ஆபத்து குறைவு. அந்தக் குவியலில் இருப்பதோ புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம். மழைநீரில் கரைந்து நிலத்தடி நீருக்கு இறங்கும்.

தீர்ப்பு வந்தாச்சு, கணக்கு வரலை

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். 28 வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

தோல் ஷாப்புகளை மூடுங்கள் என்பது என் வாதம் இல்லை. மேல்விஷாரத்தில் பள்ளியும் கல்லூரியும் எழுந்ததில் தோல் தொழிலின் பணத்துக்குப் பங்கு உண்டு. பல ஆயிரம் குடும்பங்களுக்கு இதுதான் சோறு. பிரச்சினை, நாம் எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் பார்த்தால், தண்ணீரை அதிகம் ஊற்றியும் எண்ணைக் குறைக்கலாம். இந்த மாதம் எத்தனை கிலோ குரோமியம் உள்ளே வந்தது, தோலில் எவ்வளவு போனது, மீட்டெடுத்தது எவ்வளவு, சேற்றில் எவ்வளவு என்று கேட்டால் அந்த வழி அடைபடும். இரு பக்கமும் பொருந்தியே ஆகணும்.

இது புது வித்தையும் இல்லை. கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லிவரும் வழி. மீட்டால் காசும் மிச்சம்.

ஆகவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தொழிற்சாலையின் மாதாந்திர குரோமியக் கணக்கையும் உப்புக் கணக்கையும் இணையத்தில் வெளியிட வேண்டும், மேல்விஷாரத்தில் இருக்கும் ஒருவர் தன் போனிலேயே பார்க்கும்படி. அதைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்த கூட்டல் கழித்தல் போதும்.