எண்ணும் கண்ணும்

தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது பல குடும்பங்களில் ஓராண்டுச் சேமிப்பின் முடிவாகவோ மாதத் தவணையின் தொடக்கமாகவோ அமைகிறது. அத்தனை பெரிய செலவை முடிவு செய்பவை பெரும்பாலும் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட சில சொற்களே. ‘எச்.டி. ரெடி’, ‘ஃபுல் எச்.டி.’, ‘4கே’ என்பன அவை. எண் பெரிதானால் படமும் தெளிவாகும் என்று நம்பி விலையைக் கொடுக்கிறோம். அந்நம்பிக்கை பாதி உண்மையே. மறுபாதியை அறியாமல் வாங்குவோர், தம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிற்கு விலை கொடுக்க நேரிடும்.

தொலைக்காட்சித் திரை எண்ணற்ற நுண்புள்ளிகளால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் கூறுகள் சேர்ந்த அப்புள்ளியைப் படப்புள்ளி என்கிறோம். திரையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை படப்புள்ளிகள் அமைந்துள்ளன என்பதே பிரிதிறன். ‘எச்.டி. ரெடி’ எனப்படும் பெட்டிகள் பலவற்றில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 எனப் பத்து இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ‘ஃபுல் எச்.டி.’ திரையில் 1920, 1080 எனப் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ‘4கே’ திரையில் 3840, 2160 எனப் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். அதாவது, முன்னதைப்போல் நான்கு மடங்கு.

புள்ளிகள் நான்கு மடங்கானால் தெளிவும் நான்கு மடங்காகுமா? ஆகாது. சேலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதன் இழைகள் தனித்தனியே தெரிகின்றன. அதையே உடுத்தி ஒருவர் எதிரே நிற்கும்போது நிறமும் கரையும் மட்டுமே தெரிகின்றன. இழைகள் மறைந்துவிடவில்லை, அவற்றைப் பிரித்தறியும் எல்லையைக் கண் கடந்துவிட்டது. இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோணம் வரையே நுட்பங்களைப் பிரித்தறியும் என்பது பார்வைத்திறனை அளப்போர் கொள்ளும் பொது அளவு.

இவ்வளவைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அதை 1920 புள்ளிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அளவினதாகும். ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தால் அப்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்தே தெரியும். 55 அங்குலத் திரைக்கு இவ்வெல்லை ஏறத்தாழ ஏழடி. எட்டடி தள்ளி அமரும் வீட்டில், இவ்வளவுத் திரைகளில் புள்ளிகளை மேலும் கூட்டுவதால் மட்டும் காணும் தெளிவு பெரிதாக உயராது. மாறாக, மிகப் பெரிய திரையை அருகிலிருந்து காண்போருக்குக் கூடுதல் புள்ளிகள் உண்மையாகவே பயன்படும்.

திரையின் தரம் ஒருபுறமிருக்க, அதற்குள் வரும் காட்சியின் தரம் மறுபுறம் உள்ளது. நம் நாட்டில் சாதாரண அலைவரிசைகளின் படம் 576 கிடைவரிகளைக் கொண்டது. அதனை ‘4கே’ திரையில் இட்டால், இல்லாத புள்ளிகளை அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு பெட்டி ஊகித்தே நிரப்புகிறது. ஊகம் உண்மைப் படமாகிவிடாது. உயர்தெளிவு அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தியும், செட்டாப் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பியால் இணைத்தவருக்குக் கிடைப்பது சாதாரணப் படமே. எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்தால்தான் செலுத்திய கட்டணத்திற்குப் பயன் உண்டு. கடையில் பளிச்சிடுவது பெரும்பாலும் காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட உயர்தரப் படம்; நம் வீட்டிற்கு வருவது அதுவன்று.

சொற்களிலும் விழிப்பு வேண்டும். ‘ஃபுல் எச்.டி. காட்சியை ஏற்கும்’ என்பதும் ‘ஃபுல் எச்.டி. திரை’ என்பதும் ஒன்றல்ல. முன்னது, அத்தரத்துக் காட்சியை வாங்கிக் குறைத்துக் காட்டும் பெட்டியாகவும் இருக்கலாம். திரையின் இயல்பான பிரிதிறன் எவ்வளவு என்று கேட்டு, அதை விவரக் குறிப்பில் எண்ணாகவே காண வேண்டும். பொருளின் தரத்தை அறிந்துகொள்வது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குவோருக்கு வழங்கும் உரிமை. கேட்பதற்குத் தயங்குவோருக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

“பத்தாண்டுகள் பயன்படும் பொருள், நாளைய வளர்ச்சிக்கும் சேர்த்து இன்றே வாங்கினால் என்ன?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. உயர்ந்த பிரிதிறன் கொண்ட பெட்டிகளுள் சில, நிறத்திலும் ஒளியிலும் சிறந்திருப்பதும் உண்மை. அவ்வாறாயின் அக்காரணத்தை அறிந்து வாங்கலாம். வாங்குபவர் தம் தேவையை அறியாதபோது, விற்பவர் சொல்வதே தேவையாகிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

ஆகவே, கடைக்குப் புறப்படும் முன் அளவுநாடா ஒன்றை எடுங்கள். நாம் அமரும் இடத்திற்கும் திரை நிற்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி என அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாள்தோறும் பார்ப்பவை எவ்வகை அலைவரிசைகள் என்பதையும் அதனருகே எழுதுங்கள். அந்தச் சிறுதாளைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியின் எண்களைப் படித்தால், எந்த எண் நமக்கு உரியது என்பது விளங்கும்.