கார்ப்பெட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள்

மெத்தை, தலையணைகளில் மழைக்கால வாடை போக என்ன செய்யலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் சிலர், "வீட்டுக்குள் இருப்பதைச் சொன்னீர்கள், வாசலில் நிற்கிற காரைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கதவை அடைத்து, கண்ணாடியை ஏற்றி, பிள்ளைகளை ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிற இடம் அது. அதன் தரையில் என்ன கிடக்கிறது என்று நாம் பார்ப்பதேயில்லை. கார் என்றால் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். காலுக்கு அடியில் கிடக்கிற துணியை எந்த ஆண்பிள்ளை பார்த்திருக்கிறார், சொல்லுங்கள்!

எங்கள் வீட்டில் இருப்பது மாமனார் காலத்து அம்பாசடர். 1986ல் வாங்கியது. 2014ல் உத்தரபாராவில் இந்தக் காரின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றாலும், பாபநாசமோ திருச்செந்தூரோ குடும்பத்தோடு போக எங்களுக்கு இன்றைக்கும் இதுதான். வண்ணார்பேட்டையில் ஆற்றுப்பக்கம் எங்கள் தெரு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஏறிய தண்ணீர், காரின் சீட்டைத் தொடவில்லை. தரைக்கு மேல் ஒரு சாண் நின்றுவிட்டு இறங்கிப்போனது.

வடிந்ததும் வண்டியைக் கழுவக் கொடுத்தோம். சேற்றைப் போக்கி, மிஷினை வைத்து உறிஞ்சி, மல்லிகை வாசனை அடித்துப் பளிச்சென்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள். மாசி பிறந்து வெயில் ஏறியதும் வாடை கிளம்பியது. ஊறப்போட்டு மறந்துபோன சாக்குப்பை எப்படி நாறும், அப்படி! என் நாத்தனார் மகனுக்கு ஆறு வயது, இளைப்பு உண்டு. காரில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. "வெயிலுக்குச் சளி இளகுது, வேற ஒண்ணுமில்ல" என்றார்கள் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். மேலே மொறமொறவென்று காய்ந்த துணி. கீழே விரலில் ஈரமும் கறுப்புமாக ஒட்டியது. வெள்ளம் வடிந்து இரண்டரை மாசம் ஆகியிருந்தது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. காரின் தரை ஒரு அடுக்கு இல்லை. அடியில் இரும்புத் தகடு. அதன்மேல் சத்தம் கேட்காமலிருக்கத் தார் ஷீட். அதற்கு மேல் சணலும் கந்தல் நூலும் சேர்த்து அழுத்திய ஃபெல்ட். அதற்கும் மேலேதான் நாம் கண்ணால் பார்க்கிற கார்ப்பெட். அதன் முதுகில் பல சமயம் ரப்பர் பூச்சு வேறு இருக்கும். தண்ணீர் ஓரங்கள் வழியாக உள்ளே இறங்கிவிடும், மேலே ஏறிவர வழி கிடையாது. கீழே இரும்பு, மேலே ரப்பர், நடுவில் ஃபெல்ட் என்றால், மூடி போட்ட பாத்திரத்தில் ஈரத்துணியை வைத்த கதைதான். நனைந்த பொருளில் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். அதன் நுண்ணிய தூள்தான் இளைப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பகை. கார் ஓடும்போது கால் பட்டுப் பட்டு அது கிளம்பும். வாசனைத் தைலம் அடித்தால் மூக்குக்குத்தான் மறையும், நெஞ்சுக்கு மறையாது.

வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் போதும், ஒவ்வொரு மழைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகும். குழந்தை கொட்டிய பால், வாந்தி எடுத்த இடத்தை நாம் கழுவிய தண்ணீர், எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

சரி, என்ன செய்வது? சீட்டைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய முடியாது. பழைய கார்களில் நாலு போல்ட்தான், ஸ்பானர் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடலாம். புதிய கார்களில் அப்படித் துணிந்துவிடாதீர்கள். சீட்டுக்கு அடியில் காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் இருக்கும். அதை மெக்கானிக்தான் தொட வேண்டும். எங்கள் வண்டியில் அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. டிக்கி விளக்குக்குப் போகிற ஒயர்கள் மட்டும் கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடின. இழுக்கும்போது அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

வெள்ளத் தண்ணீர் பட்டதென்றால் ஃபெல்ட்டைக் காயப்போட்டு மறுபடி உபயோகிக்க நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்துதான் வந்திருக்கும், எலிக்காய்ச்சல் பரவுவதும் அப்படித்தான். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்படியே சுருட்டித் தூக்கிப் போடுங்கள். மேலே இருக்கிற கார்ப்பெட்டை மட்டும் ஒரு நாளைக்கு எறியாமல் வைத்திருங்கள். ஏன் என்று பின்னால் சொல்லுகிறேன். மழைத் தண்ணீரில் மட்டும் லேசாக நனைந்ததென்றால், இரண்டையும் வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, எலும்பு வரை காயவிட்டுத் திரும்பப் போடலாம்.

கார்ப்பெட்டை எடுத்ததும் தெரியும் தகட்டைப் பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். எங்கள் வண்டியில் டிரைவர் காலடியில் துரு உரித்த வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. ஓரிடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது, கீழே ரோடு தெரிந்தது! இந்த ஓட்டையைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது, சகோதரிகளே. சைலன்சர் குழாய் காரின் அடியில்தான் ஓடுகிறது. அந்தக் குழாயில் எங்காவது கசிவு இருந்தால் தரை ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். நாம் "பிள்ளைக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பழைய காரில் போகும்போது ஒருவருக்கு மேல் தலைவலி என்று சொன்னால், உடனே கண்ணாடியை இறக்கிவிட்டு, அன்றைக்கே தரையையும் சைலன்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடுவது எந்தக் காருக்கும் ஆகாது.

ஓட்டையை டிங்கரிங் கடையில் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்தார்கள். மற்ற இடத்தை நானும் என் மகளும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். பளபளவென்று இரும்பு தெரிகிற வரை தேய்க்க வேண்டும். அதன்மேல் ரெட் ஆக்சைடு ஒரு கை, காய்ந்ததும் எனாமல் பெயிண்ட் இரண்டு கை. பூஞ்சணத்தைப் போக்க ப்ளீச்சிங் பவுடரைத் தகட்டில் கொட்டாதீர்கள், இரும்பை அரித்துவிடும். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாலே போதும்.

பெயிண்ட் காய்ந்த கையோடு கார்ப்பெட் போட எல்லோரும் அவசரப்படுவார்கள். விடாதீர்கள். தண்ணீர் எங்கே வழிகிறது என்று கண்டுபிடிக்காமல் போட்டால், அடுத்த ஐப்பசியில் திரும்பவும் இதே கதை. அதற்கு நம் வீட்டுச் சாமானே போதும். காய்ந்த தரையில் கோலப்பொடியை லேசாகத் தூவுங்கள். ஒருவர் உள்ளே உட்காரட்டும். வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் முதலில் கதவின் கீழ்ப்பக்கம், பிறகு நடுவில், கடைசியில் கண்ணாடியும் கூரையும் என்று கீழிருந்து மேலே தண்ணீர் விடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் பொடியில் கோடு விழும். எங்களுக்கு முன் கண்ணாடியின் இடது மூலையிலும், கிளட்ச் பெடல் பக்கம் ஒயர் போகிற ஓட்டையிலும் கோடு விழுந்தது. பீடிங்கையும் ஓட்டை அடைக்கும் ரப்பரையும் மாற்றினோம்.

இப்போது பழைய கார்ப்பெட்டுக்கு வேலை வந்துவிட்டது. அதுதான் நமக்கு அளவு ஜாக்கெட்! ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. அம்பாசடரின் நடுவில் நீளமாக ஒரு மேடு ஓடும். ஒரே துணியை அதன்மேல் போர்த்தினால் சுருக்கம் விழும். அதனால் மேட்டுக்குத் தனி, இரண்டு பக்கத்துக்கும் தனி, பின்னால் தனி என்று துண்டு துண்டாக வெட்டித் தைக்க வேண்டும். பிற்காலத்துக் கார்களில் பெரும்பாலும் அச்சில் அழுத்திய ஒரே துண்டாக வருகிறது. அதை வெட்டித் தைக்கத் தேவையில்லை. பழைய துண்டைக் கவிழ்த்துப் போட்டுச் சாக்பீஸால் வரையுங்கள். மட்கி அளவு போயிருந்தால் செய்தித்தாளை வண்டிக்குள்ளேயே விரித்து, அழுத்தி மடித்து, அளவு எடுங்கள். எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூடுதலாக விடுங்கள், கூடினால் வெட்டிக்கொள்ளலாம். வெல்வெட்டுக்குப் பார்ப்பது போலவே நூலின் சாய்வு எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் தெரியும். சீட் போல்ட்டுக்குத் துளை போட டிரில் வேண்டாம், நூலைச் சுற்றி இழுத்து நீளமாகப் பிரித்துவிடும். ஆணியைக் காய்ச்சிக் குத்தினால் சுத்தமாக விழும். ஓரத்துக்கு ரெக்சின் பட்டை கட்டுவதும் டிரைவர் குதிகால் படுகிற இடத்தில் ரப்பர் துண்டு வைத்துத் தைப்பதும் குஷன் கடையில் செய்து கொடுத்தார்கள். நம் தையல் மிஷின் ஊசி அதைத் தாங்காது.

குஷன் கடை அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில்தான் வழக்கு. அடியில் ஸ்பாஞ்சு போடுவோம் என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி, தண்ணியக் குடிச்சுக்கிடும்."

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய? காலுக்கு மெத்துனு இருக்குமே. எல்லாரும் அதத்தான போடுதாவ."

"மெத்துனு இருக்கிற கார்ல உக்காந்து எங்க பிள்ளை இருமுதானே அண்ணாச்சி!"

சிரித்துவிட்டார். கடைசியில் தண்ணீர் உறிஞ்சாத மெல்லிய நுரை ஷீட்டைத்தான் போட்டோம். வாங்கும்போது சோதித்துப் பார்க்கலாம். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பிழியுங்கள், தண்ணீர் வந்தால் அது நமக்கு ஆகாது. மேலே போடும் கார்ப்பெட்டும் பருத்தி, சணல் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் நூல் தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும். நைலான் அதைவிடத் தேயாமல் உழைக்கும், விலை கூட. முழுவதையும் பசை போட்டு ஒட்டிவிடக் கூடாது. மேட்டிலும் ஓரத்திலும் மட்டும் ஒட்டினால் அடுத்த முறை தூக்கிப் பார்க்கலாம். ரப்பர் சொல்யூஷன் நெடி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கதவு நாலையும் திறந்து வைத்து, நெடி முழுக்கப் போகும் வரை அவர்களை ஏற்றாதீர்கள். இந்த வேலைக்கெல்லாம் பங்குனி, சித்திரைதான் தோது. ஆனிச் சாரல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கார்ப்பெட்டுக்கு மேலே என்ன விரிப்பது? பின் சீட்டுக்காரர்கள் காலடியில் நான் கோரைப்பாயை வெட்டி ஓரம் கட்டிப் போட்டிருக்கிறேன். பத்தமடைப் பட்டுப்பாய் இல்லை, அதன் ஏழைத் தங்கை! உதறினால் மண் போய்விடும், அரை மணி வெயிலில் காய்ந்துவிடும். டிரைவர் காலடியில் மட்டும் பாயும் கூடாது, மேட்டுக்கு மேல் மேட்டும் கூடாது. வழுக்கிப்போய்ப் பெடலுக்கு அடியில் சிக்கினால் பிரேக் பிடிக்க முடியாது. 2009ல் அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி, மேட் ஆக்ஸிலேட்டரில் சிக்கும் அபாயம் இருக்கிறதென்று சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாடைக்காகச் சிலர் காருக்குள் அந்துருண்டையைப் போட்டு வைக்கிறார்கள். பிறவியிலேயே ஜி6பிடி என்னும் என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாஃப்தலீன் நெடி ரத்த அணுக்களை உடைத்துச் சோகையும் மஞ்சள்காமாலையும் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்குக் குறை உண்டு என்று பார்த்தால் தெரியாது. கைக்குழந்தை ஏறுகிற காரில் அது வேண்டவே வேண்டாம். வாடை மிச்சமிருந்தால் சோடா உப்பைத் தூவி ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் தட்டி எடுங்கள்.

முன் சீட்டுக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில், செய்தித்தாள் ஒரு தாளை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் உருவிப் பார்ப்பேன். போன கார்த்திகையில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகும் காய்ந்த தாளாகவே வந்தது. சிவன் கோவில் திருவிழாச் செய்தி இருந்த பக்கம், எழுத்துக்கூடக் கலையவில்லை.