பிறந்த எடையும் மூன்று விரல் உப்பும்



குழந்தை பிறந்ததும் அதன் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றை அளந்து மருத்துவமனையில் ஒரு சீட்டில் எழுதித் தருகின்றனர். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அச்சீட்டைப் பத்திரப்படுத்துகிறோம், பின்னர் மறந்துவிடுகிறோம். அந்த எண்கள் நமக்குச் சொல்வது யாது என எண்ணிப் பார்த்ததுண்டா?

நிறைமாதக் குழந்தை ஏறத்தாழ 50 செ.மீ. நீளமும், 33 முதல் 35 செ.மீ. வரை தலைச்சுற்றளவும் கொண்டிருக்கும். எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால், அது எடை குறைந்த குழந்தை. கூடுதல் கவனம் வேண்டும். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரு வாரங்களுக்குள் மீள்வது இயல்பே.

பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். 60 கிலோ எடையுள்ள தந்தை தம் எடையில் பத்தில் ஒரு பங்கை இழக்க 6 லிட்டர் நீர் வெளியேற வேண்டும். 3 கிலோக் குழந்தைக்கோ 300 மில்லி போதும். அதாவது ஒன்றரைத் தம்ளர். அவ்வளவு நீர் போனாலே உயிருக்கு ஆபத்து. எடை குறையக் குறைய இந்தக் கணக்கும் குறுகுகிறது.

இருந்தும், வயிற்றுப்போக்கு கண்டால் பாலையும் நீரையும் நிறுத்தும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. வெளியேறிய நீரை ஈடு செய்யாமல் உள்ளதையும் தடுப்பது எங்ஙனம் மருந்தாகும்? நோயுற்ற குடலும் சர்க்கரையையும் உப்பையும் ஒருசேர உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது.

1971இல் மேற்கு வங்கத்துப் பங்காவோன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரை, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த இறப்பு, 4க்கும் கீழே இறங்கிற்று.

வங்கதேசத்தில் 1980 முதல் 1990 வரை பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களில் தாய்மார்க்கு இதனைக் கற்பித்தனர். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர்: இவ்வளவே பாடம். எழுதப் படிக்க அறியாத தாய்மாரும் கைகளாலேயே கற்றனர். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைச் சோதித்தே ஊழியர்க்கு ஊதியம் அளிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன இவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதன்மேல் அச்சிட்ட அளவு நீரில், ஆறிய கொதிநீரில், முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், பாதியைப் பிரிக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு போக்கிற்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. மருத்துவர் தரும் துத்தநாக மருந்தைப் போக்கு நின்ற பின்னரும் அவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். பெரியவர்க்கான பேதி மாத்திரையைப் பிள்ளைக்குத் தராதீர்கள்.

கண் குழிவிழுதல், கண்ணீரின்றி அழுதல், சிறுநீர் குறைதல், குடிக்க இயலாமை, சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது மருத்துவரை நாடுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையாயின், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே புறப்படுங்கள். அப்போது அந்த எடைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் மதிப்பிட அதுவும் உதவலாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தாய் மட்டுமன்றித் தந்தையும், வீட்டுப் பெரியவர்களும் இதனை அறிந்திருத்தல் கடமை. நள்ளிரவில் குழந்தைக்குப் போகும்போது யார் விழித்திருப்பார் என்பதை நாம் முன்கூட்டி அறியோம் அல்லவா?